அ-7ஐ எழுப்ப வேண்டாம்

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், அ-7ன்னா என்ன? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்சம் இரும்மா, மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கறேன்" என்று சொல்லி நேரம் கடத்தினேன். தொலைபேசியில் பேச மூக்குக்கண்ணாடி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

அவள் பெயர் நிவேதா. நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிறவள். பழைய அலமாரி ஒன்றைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்ததாம். உள்ளே வாயை உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் நகம் அளவுக்கு ஒரு வடிதாள் துண்டு. வெளியே ஒட்டிய சீட்டில் அ-7 என்றும், அதன் கீழே "எழுப்ப வேண்டாம்" என்றும் எழுதியிருக்கிறதாம்.

"எழுப்பிப் பார்க்கலாமா மேடம்?"

"ஒரு வாரம் கழிச்சுச் சொல்றேன்" என்றேன். ஐம்பது வருடமாகச் சொல்லாத பதிலுக்கு ஒரு வாரம் தவணை கேட்பது அதிகமில்லை என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு வாரத்தில் எழுத ஆரம்பித்ததுதான் இது.

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் மூத்தவள், பின்னால் இரண்டு தம்பிகள். பி.யு.சி. முடித்தவுடன் அறுபதுகளின் கடைசியில் இந்த வேலை கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மாதம் கண்ணாடி கழுவினேன், ஆறு மாதம் குடுவைகளுக்குப் பஞ்சு அடைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆய்வுக்கூடம் என்றதும் இப்போது இருக்கிற கண்ணாடிக் கதவுக் கட்டடத்தை நினைக்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், குடைக்கம்பி செய்த ஒரு கம்பெனி காலி செய்துவிட்டுப் போன தகரக் கொட்டகை அது. எந்த அலமாரியை நகர்த்தினாலும் அடியில் நாலு குடைக்கம்பி இருக்கும். குடுவை கழுவுகிற பிரஷ் முதல் ஜன்னல் கொக்கி வரை எங்களுக்கு எல்லாம் குடைக்கம்பிதான். டில்லியில் அனுமதித்த ஒரு தற்காலிகத் திட்டம், நான்கு தற்காலிக ஆட்கள். எங்களில் நிரந்தரமாக இருந்தவை முயல்கள் மட்டும்தான்.

முயல்கள் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆராய்ந்தது மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவை. பார்க்க மெல்லிய குச்சி மாதிரி இருக்கும். அதை மண்ணிலிருந்து வெளியே வரவழைக்க, ஈர மண்ணின் மேல் முயல் புழுக்கையை வைத்துப் பல நாள் காத்திருக்க வேண்டும். புழுக்கையின் மேல் மஞ்சளாகக் குட்டிக் குட்டிக் குமிழ்கள் எழும்பும். பட்டினி வந்தால் அந்தக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி எழுப்புகிற குவியல் அது. குவியலுக்குள் ஒவ்வொரு குச்சியும் உருண்டு திரண்டு ஒரு வித்தாக மாறித் தூங்கிவிடும். காயவைத்தாலும் சூடாக்கினாலும் அசையாது. வருடக்கணக்கில் தூங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழுத்து வளருகிற குச்சிகளின் நடுவே கொஞ்சம் கிளிசரினை ஊற்றினால், பட்டினி இல்லாமல், கூட்டம் கூடாமல், நின்ற இடத்திலேயே எல்லாம் இரண்டு மணி நேரத்தில் உருண்டையாகித் தூங்கிவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எந்த மண்ணில் கிளிசரின் ஊறுகிறது? ஆனால் ஊற்றினால் தூங்கும். இதற்குக் காரணமான மரபணு எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் திட்டம். புற ஊதா விளக்கைக் காட்டி அவற்றின் மரபணுக்களைக் கொஞ்சம் கெடுத்துவிட்டு, கிளிசரின் கலந்த தட்டில் பரப்புவோம். நல்லவை தூங்கிவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. கெட்டுப்போன ஒன்று மட்டும் தூங்காமல் பெருகி, மஞ்சள் புள்ளியாகத் தலை காட்டும். அந்தப் புள்ளியை எடுத்து, அம்பத்தூருக்கு அ போட்டு, ஒரு எண் கொடுத்துக் குழாயில் வைக்க வேண்டும். தூங்கச் சொன்னால் தூங்காதவனைப் பிடிப்பதற்கு டில்லி எங்களை நியமித்திருந்தது.

எங்கள் தலைவர் டாக்டர் தனபாலன். ஒல்லியான மனிதர், மே மாதத்திலும் செருப்புக்குள் காலுறை போட்டிருப்பார். மனிதர்களிடம் மட்டுமல்ல, பாக்டீரியாவிடமும் மரியாதைப் பன்மையில்தான் பேசுவார். "மிஸ் காந்திமதி, அவர்கள் உறங்கிவிட்டார்களா?" என்றுதான் கேட்பார். விளக்கைக் காட்டுவதற்கு அவர் வைத்த பெயர் "கொஞ்சம் வெயில் காண்பிப்பது". ஒரு குடுவை கெட்டுப்போனால் "இறந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது. "பதில் சொல்லவில்லை" என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கிளிசரின் ஊற்றிய பிறகு இரண்டு மணி நேரம் கொட்டகையில் யாரும் பேசக்கூடாது, தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். அந்த இரண்டு மணி நேரமும் குடுவைகளை ஆட்டுகிற இயந்திரம் தகரக் கூரை அதிர ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து லேத் பட்டறைக்காரர்களே வந்து சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் சைகையில் பதில் சொல்வோம்.

அவருடைய கண்டிப்புக்கு உச்சம் கிளிசரின் பாட்டில். பழுப்புக் கண்ணாடியில் பெரிய பாட்டில். அதன் மேல் நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருப்பார். மாலையில் பாட்டிலில் எவ்வளவு மிச்சமோ அந்த மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். காலையில் வந்ததும் குனிந்து, கோடும் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஒரு தலையசைப்பு. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

எழுபதுகள் பிறந்த சமயம் எங்களுக்கு யோகம் அடித்தது. முதல் வருடம் முழுக்கத் தேடிப் பத்து புள்ளிகூடக் கிடைக்காத இடத்தில், வாரத்துக்கு நாலு, பிறகு பத்து என்று மஞ்சள் புள்ளிகள் வந்தன. அ-50 வந்த அன்று டாக்டர் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் வெயில் காட்டாத, எந்தக் கெடுதலும் செய்யாத அசல் பாக்டீரியாவும் கிளிசரினில் தூங்க மறுத்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். டாக்டர் பரவசப்பட்டார்.

"இவர்கள் தாமாகவே மாறுகிறார்கள், மிஸ் காந்திமதி. அம்பத்தூர் காற்றில் ஏதோ இருக்கிறது."

தொழிற்பேட்டைப் புகை மரபணுவை மாற்றுகிறது என்று ஒரு கொள்கை உருவாயிற்று. அதை நிரூபிக்க, புகையில்லாத திருநின்றவூர் ஏரிக்கரையில் ஒரு தட்டையும், லாரிப் புகை மண்டுகிற குமணன்சாவடி முனையில் ஒரு தட்டையும் வைத்து எடுத்துவர எங்கள் அட்டெண்டர் தங்கவேலுவை அனுப்பினார். தங்கவேலு நூம்பல்காரர். அவர் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் பிளாட் கல் நட்ட பிறகு இவர் முயலுக்கு வந்தார். குமணன்சாவடியிலிருந்து திரும்பிவந்து சொன்னார்:

"பஸ்ஸுக்கு நிக்கறவன் பூரா சுத்தி நின்னுகினு இன்னா இன்னான்றான். கிருமி காத்து வாங்குதுன்னேன். ஒருத்தன் கும்புட்டுட்டுப் போறாம்மா."

திருநின்றவூர்த் தட்டும் தூங்கவில்லை, குமணன்சாவடித் தட்டும் தூங்கவில்லை. புகை ஏரி வரை பரவிவிட்டது என்று டாக்டர் பதிவேட்டில் எழுதினார். இதற்குள் அ-118 வரை வந்துவிட்டோம். திட்டத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று பார்க்க டில்லியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதமும் வந்தது. நூற்றுப் பதினெட்டுக் குழாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, பாவம், இவ்வளவையும் அவர்கள் பார்க்க வேண்டுமே என்று.

எனக்கு அந்த வருடம் வேலை நிரந்தரமாவது உயிர் மூச்சு. தை மாதம் அப்பா ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தம்பிகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலை நின்றால் ஐந்து பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். போனால் தம்பிகளின் படிப்பு அதோடு சரி.

குழு வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்க் குவார்ட்டர்ஸ் செல்லம்மாள் அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். சேலத்துக்காரர்.

"ஏங்கண்ணு, போன தடவ நீ குடுத்தது என்ன தண்ணியா?"

"எதுக்கா?"

"அதான், வாய்ப்புண்ணுக்குக் குடுத்தியே கிளிசரினு. முன்னெல்லாம் தடவுனா இனிக்கும்னு புள்ள சப்புக்கொட்டும். இப்ப மூஞ்சியத் திருப்பிக்குது. நானே நக்கிப் பார்த்தேன். ஒரு இனிப்பும் காணோம்."

இந்த இடத்தில் நான் என் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தைக்கு வாய்ப்புண் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு சின்னக் குப்பியில் கிளிசரின் எடுத்து வருவேன். மட்டம் குறைந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? எடுத்த அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிவிடுவேன். ஒரு குப்பிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். பாட்டிலைச் சாய்க்கும்போது முன்னைவிட நீர்த்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் இளகுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளிசரின் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்தக் குச்சிகள் அதைச் சட்டை செய்யாது. அப்படியானால் மாறியது மரபணு இல்லை. அம்பத்தூர் காற்றும் இல்லை.

மறுநாள் காலை டாக்டரிடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு, "ஒரு குப்பியில் இவ்வளவு நேராது, மிஸ் காந்திமதி" என்றார்.

கதவோரம் நின்ற தங்கவேலு தொண்டையைச் செருமினார். "சார், மொயலுக்குக் காதுல சொறி. கிளிசரினு தடவுனா அடங்குது. காத்தால நீங்க வர்றதுக்கு முன்ன எட்த்துருவேன். கோடு கீது பாருங்க, அதுக்கோசரம் குழாத் தண்ணி ஊத்திருவேன்."

முயல்களின் காதுகள் ஏன் எப்போதும் பளபளவென்று இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. சத்தம் கேட்டு உள்ளே வந்த ஸ்டோர் கிளார்க் குணசேகரன், யாரும் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டாம்ப் பேடு சார். மை காஞ்சுபோயிடுது. ரெண்டு சொட்டு கிளிசரின் விட்டா ஈரமா நிக்கும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போறப்போ..."

"ரெண்டு சொட்டா?"

"பக்கத்துப் பட்டறை, எதிர் கம்பெனி, எல்லாரும் அவங்க பேடையும் கொண்டுவந்து குடுக்கறாங்க சார். பழகின முகம், எப்படி மாட்டேங்கறது?"

தொழிற்பேட்டையின் ரப்பர் முத்திரைகள் பாதி எங்கள் ஆராய்ச்சியில்தான் நனைந்துகொண்டிருந்தன. காலையில் தங்கவேலு, மத்தியானம் குணசேகரன், மாலையில் நான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், கோடு தவறாமல், தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்.

டாக்டர் குனிந்து வலது காலுறையை மெல்லக் கழற்றினார். குதிகால் முழுக்க வெடிப்பு. சித்திரை மாதத்து ஏரி அப்படித்தான் இருக்கும்.

"சனிக்கிழமைகளில் நான் தனியாக இருப்பேன்" என்றார். "கோட்டைக் கீழே இறக்கிப் போட்டிருக்கலாம். கையெழுத்து என்னுடையதுதானே. ஆனால் அது பொய்யாகிவிடும் என்று தண்ணீர் ஊற்றினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் அது இருமலாகப் போயிற்று.

அன்றே பாரிமுனைக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி வந்தோம். அதை டாக்டர் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். குற்றவாளியிடமே சாவியைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். நான்கு பேரும் குற்றவாளிகள், வேறு யாரிடம் கொடுப்பார்? நூற்றுப் பதினெட்டையும் மறுபடி சோதிப்பது என்று முடிவாயிற்று. அதில் ஒன்றே ஒன்று உண்மையாகத் தூங்க மறுத்தால் போதும், குழுவிடம் காட்ட ஏதாவது இருக்கும்.

முறை இதுதான். முதல் நாள் மாலை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சத்துநீர்க் குடுவையில் விடுவேன். காலையில் குடுவை லேசாகக் கலங்கியிருக்கும். பஞ்சை எடுத்து, வாயைச் சுடரில் காட்டி, அளந்த கிளிசரினைக் குடுவையின் சுவரை ஒட்டி இறக்குவேன். நடுவில் கொட்டினால் அடியில் போய்ப் படிந்துவிடும். பிறகு ஆட்டும் இயந்திரம், இரண்டு மணி நேரம், பேச்சு கிடையாது. அப்புறம் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குச்சியாக இருந்தால் விழிப்பு. உருண்டையாகப் பளிச்சென்று இருந்தால் உறக்கம். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்பு மையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே "உறங்கினார்" என்று எழுதுவார்.

அ-118 உறங்கினார். அ-117 உறங்கினார். எங்களுக்கு ஜாங்கிரி வாங்கித்தந்த அ-50உம் உருண்டு படுத்தார். தங்கவேலு நுண்ணோக்கி அறை வாசலில் வந்து நின்று, "இன்னாம்மா, பட்த்துச்சா?" என்று சைகையில் கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போய் முயல்களிடம் சொல்வார். பதினோரு நாளில் நூற்றுப் பதினேழு பேரும் உறங்கிவிட்டார்கள். பாக்கி அ-7 மட்டும். அதன் முதல் குடுவையில் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாவது குடுவை இயந்திரத்தில் ஆடி விரிசல் விட்டது. மூன்றாவது குடுவை குழு வருகிற அன்று காலைதான் தயாராயிற்று.

டாக்டர் குழுவை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். குணசேகரன் மாலை வாங்கப் போயிருந்தார். தங்கவேலு முயல்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மேசை முன்னால் நான் மட்டும். இடது பக்கம் புது கிளிசரின். வலது பக்கம் காய்ச்சி வடித்த தண்ணீர்.

நூற்றுப் பதினேழு பேர் படுத்துவிட்டார்கள், இது மட்டும் நிற்குமா என்று நினைத்தேன். அப்பாவின் முகம் வந்தது. பெட்டியும் பாயுமாகத் தம்பிகள் ரயிலில் ஏறுவது வந்தது. அ-7இடம் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. பஞ்சை எடுத்தேன், வாயைச் சுடரில் காட்டினேன், சுவரை ஒட்டி, கொஞ்சம்கூடச் சிந்தாமல், அளந்து ஊற்றினேன். தண்ணீரை.

குழுவின் தலைவர் பருமனான மனிதர். தமிழர்தான், ஆனால் டில்லியில் இருந்து இருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் "அச்சா" என்று ஆரம்பிப்பார். முதலில் கிளிசரினில் தூங்கிய அசலைப் பார்த்தார். உருண்டைகள். பிறகு அ-7ஐப் பார்த்தார். குச்சிகள், நிம்மதியாக, நீளமாக. டாக்டர் தட்டு ஒன்றையும் காட்டினார். அதில் பட்டினி போட்ட அ-7 மஞ்சள் குவியல் எழுப்பி, உள்ளே ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது உண்மையான சோதனை.

"பட்டினி போட்டால் உறங்குகிறார். கிளிசரினைக் காட்டினால் உறங்க மறுக்கிறார்" என்றார் டாக்டர். "இரண்டும் வேறு வேறு வழி என்று தெரிகிறது, ஐயா."

"அச்சா. இதனால விவசாயிக்கு என்ன லாபம்?"

ஆட்டும் இயந்திரம்கூட நின்றிருந்தது. டீ கொண்டுவந்த தங்கவேலு தட்டோடு அப்படியே நின்றார். தலைவரின் பார்வை ஜன்னல் வழியாக முயல் கூண்டுக்குப் போயிற்று. குளித்து, காது பளபளக்க, பதினாறு முயல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் எழுந்து போய்க் கூண்டருகில் அரை மணி நேரம் நின்றார்.

அறிக்கை வந்தது. முதல் பரிந்துரை: முயல்கள் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகின்றன, இன்னும் இரண்டு ஜோடி சேர்க்கலாம். இரண்டாவது: தூங்க மறுக்கும் இனம் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் பிரிவை நிரந்தரமாக்கலாம். மூன்றாவது: இனிமேல் வைக்கோலை மக்கவைக்கும் பாக்டீரியாவை ஆராயவேண்டும். நாங்கள் நால்வரும் நிரந்தரமானோம். எங்களை நிரந்தரமாக்கிய ஆராய்ச்சி அன்றோடு நின்றது. டாக்டரைத் தெற்கே ஒரு கல்லூரிக்கு மாற்றினார்கள்.

கிளம்புவதற்கு முன் அ-7ஐ வடிதாளில் காயவைத்துக் குழாயில் மூடச் சொன்னார். பட்டினியில் தூங்கிய வித்து, பல வருடம் தாங்கும். நான் மூடிக்கொடுத்தபோது அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அன்று காலை ஊற்றியது நீங்கள்தானே, மிஸ் காந்திமதி?"

"ஆமாம் சார்."

"முழு அளவு?"

"முழு அளவு சார்."

அவர் பேனாவை எடுத்து, நான் ஒட்டிய சீட்டில் அ-7க்குக் கீழே "எழுப்ப வேண்டாம்" என்று எழுதினார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அ-7ஐப் பற்றி அவர் எந்த இடத்திலும் ஒரு வரிகூட அச்சிடவில்லை. வருடம் தவறாமல் பொங்கல் வாழ்த்து மட்டும் வரும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: "அ-7 நலமா?" நானும் "நலம்" என்று பதில் எழுதுவேன். ஒரு வருடம் வாழ்த்து வரவில்லை, அவர் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் குழாயை எழுப்ப எனக்கு முப்பது வருடம் கையில் வாய்ப்பு இருந்தது. எழுப்பினால் அது என் பொய்யைச் சொல்லிவிடும் என்று பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினேன்.

இது வரை எழுதி வைத்திருந்தபோது நிவேதா மறுபடி கூப்பிட்டாள். நான் கேட்ட ஒரு வாரம் மூன்று வாரமாக நீண்டிருந்தது.

"மேடம், திட்டாதீங்க. எழுப்பிட்டோம்."

"சரி" என்றேன். "படுத்துட்டானா?"

"இல்ல மேடம். படுக்கவே மாட்டேங்குது. மூணு தடவை கிளிசரின் ஊத்திப் பார்த்தாச்சு. குச்சி குச்சியா நிக்குது. மரபணுவைப் படிச்சோம், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. இந்த இடத்துல இப்படி ஒரு மாற்றம் நாங்க பார்த்ததே இல்ல."

"எந்த பாட்டில்?"

"புது பாட்டில் மேடம். இதுக்காகவே சீல் உடைச்சோம். ஏன் கேக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாய்ப்புண், முயல் காது, ஸ்டாம்ப் பேடு, குதிகால், கடைசியாக என் தண்ணீர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா மேடம், ஏழாம் நம்பர்னா ரொம்ப ஆரம்பத்துல பிடிச்சது இல்லையா? அப்போ பாட்டில்ல அவ்வளவு தண்ணி கலந்திருக்காதே?" என்றாள்.

ஐம்பது வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. எண் வரிசையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றாதது மட்டுமல்ல, என்னால்தான் டாக்டருக்கும் தோன்றாமல் போயிற்று. அவர் வாழ்நாளில் கண்டுபிடித்த ஒரே உண்மையான பொருள் அது. அதை என் பொய் என்று நம்பி, எனக்காக வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் செய்த மோசடி தேவையே இல்லாத மோசடி. அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, ஆனால் டாக்டரை நினைத்தால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஆட்டோ பிடித்து நூம்பல் போனேன். தங்கவேலுவுக்கு இப்போது தொண்ணூறு இருக்கும். காது கொஞ்சம் மந்தம், கூடத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் போட்டு முழுவதையும் சொன்னேன். நான் தண்ணீர் ஊற்றியதைக் கேட்டு அவருக்கு ஆச்சரியமே இல்லை. ஊற்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பார். கடைசி விஷயத்துக்கு மட்டும் டி.வி.யை அணைக்கச் சொன்னார்.

"அப்போ அது நெஜமாவே முழிச்சிகினு இருந்துச்சா?"

"ஆமாம்."

"அட பேஜாரே. அதாண்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமேம்மா."

வீட்டுக்கு வந்ததும் நிவேதா ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். அ-7ஐ முறையாகப் பதிவு செய்ய விவரம் வேண்டுமாம். தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் நிரப்பினாள். கிடைத்த இடம், அம்பத்தூர் மண். எடுத்த வழி, முயல் புழுக்கை. கண்டுபிடித்தவர், டாக்டர் தனபாலன். அதில் மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். உதவியவர்கள் என்ற இடத்தில் தங்கவேலு, குணசேகரன் பெயர்களைப் போடச் சொன்னேன். என் பெயரை அவளாகவே போட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. குடுவையில் முதன்முறையாகக் கிளிசரின் கொடுத்துச் சோதித்த நாள்.

"அந்தக் குழு வந்த தேதி ஞாபகம் இருக்கா மேடம்?"

நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதைப் போடச் சொல்லவில்லை. "நீ புது பாட்டில் சீலை உடைச்சியே, அந்தத் தேதியைப் போடும்மா" என்றேன்.